தேதி போடாத படிவம்

நான் டாக்குமென்ட் கண்ட்ரோலர். சவுதியில், அல் கோபாரில் பதினேழு வருடமாக ஒரே கம்பெனியில் இந்த ஒரே வேலை. சைட்டில் பைப் வெடித்தால் இன்ஜினியர் ஓடுவான், போர்மேன் ஓடுவான். நான் ஓடமாட்டேன். அந்தப் பைப்புக்கு யார் கையெழுத்துப் போட்டது என்று ஃபைலை எடுத்துப் பார்ப்பேன். கையெழுத்து இருந்தால் பொறுப்பும் அங்கேதான் இருக்கிறது. இதைத் திமிர் என்று என் மனைவி அருணா சொல்வாள். சொல்லட்டும்.

எங்கள் பிள்ளைகள் படிக்கும் இந்தியப் பள்ளிக்கு ஏழு பேர் கொண்ட கமிட்டி ஒன்று உண்டு. பெற்றோர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சம்பளம் கிடையாது. ஆண்டு விழாவில் முதல் வரிசை நாற்காலியும், காலையில் பள்ளி வாசலில் நின்று பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகளை எண்ணி உள்ளே அனுப்பும் வேலையும் கிடைக்கும். நான் அதில் இரண்டாவது முறையாகச் செயலாளர். நாலாம் நம்பர் பஸ் என் பொறுப்பு.

போன தேர்தலில் நான் ஒரு நோட்டீஸ் அடித்திருந்தேன். பள்ளிக் கட்டணத்துக்குப் பதினைந்து சதவீதம் வாட் வரி. சவுதிப் பிள்ளைகளுக்கு அதை அரசாங்கம் கட்டிவிடும். நம் பிள்ளைகளுக்கு நாம்தான் கட்டவேண்டும். 'வரிச் சுமையில் ஒரு பங்கைப் பள்ளியே ஏற்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு விழுந்தது. யேசுதாசனுக்கு நானூற்று முப்பது.

யேசுதாசன் ஒரு ஏசி டெக்னீசியன். குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். மனைவி லீமா இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவர் நோட்டீஸ் எதுவும் அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் பழுதான ஏசியைச் சும்மா பார்த்துக் கொடுத்தார், அவ்வளவுதான். ஜூலை மாதத்தில் ஏசியைச் சரிபண்ணிக் கொடுத்தவனுக்கு எந்த அம்மா ஓட்டுப் போடாமல் இருப்பாள்? நான் பதினொரு வருடமாகப் பள்ளிக்கு உழைக்கிறேன். இவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து என்னைவிட இரண்டு மடங்கு வாங்கிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்துப் பேச எனக்கு வராது.

அவர் கமிட்டிக்கு வந்ததே ஒரே ஒரு காரியத்துக்காக. பதினாலாம் நம்பர் அறை. பள்ளியின் பின்பக்கத்தில், மெதுவாகப் படிக்கும் பதினொரு பிள்ளைகள் உட்காரும் அறை. இரண்டு டீச்சர், ஒரு ஆயா. யேசுதாசனின் மகள் ஜினி அங்கேதான் இருந்தாள். பதினோரு வயது, பேச்சு சரியாக வராது. நான்கு வருடத்தில் அவள் படித்தது எண்கள் மட்டும்தான். ஆட்களையும் எண்ணால்தான் கூப்பிடுவாள். அவளை ஏற்றிவரும் ஒன்பதாம் நம்பர் பஸ் டிரைவர் 'ஒம்பது'. நாலாம் நம்பர் பஸ் பக்கத்தில் நிற்கும் நான் 'நாலு'. தினமும் காலையில் கையை ஆட்டிக்கொண்டு "நாலு!" என்பாள். மற்ற பிள்ளைகள் சிரிக்கும். நான் தலையை மட்டும் ஆட்டிவைப்பேன்.

பிப்ரவரியில் பட்ஜெட் வந்தது. வரியில் ஒரு பங்கைப் பள்ளி ஏற்கவேண்டும் என்றால் எங்கிருந்து எடுப்பது? நான் எல்லாவற்றையும் அலசிப் பார்த்துவிட்டுப் பதினாலாம் அறையில் விரலை வைத்தேன். அதை மூடினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் பதினாறு ரியால் குறையும். பதினாறு ரியாலுக்கு அரிசியோடு ஒரு முழுக்கோழிகூட வராது என்று ரிபாய் கேலி பண்ணினார். முகம்மது ரிபாய் காயல்பட்டினத்துக்காரர், வாட்டர் டேங்க் வியாபாரி, கமிட்டியில் யேசுதாசன் பக்கம். தலைவர் சேதுமாதவன் என் பக்கம். அவருக்கு எந்தப் பக்கம் சத்தம் குறைவோ அந்தப் பக்கம் பிடிக்கும். தொள்ளாயிரம் வீட்டுக்குப் பதினாறு ரியால் குறைந்தால் தொள்ளாயிரம் வீட்டிலும் சத்தம் குறையும். பதினொரு வீட்டுச் சத்தம் அவர் காதுக்கு எட்டாது.

தலையெண்ணிப் பார்த்தேன். அறையை வைத்துக்கொள்ள நாலு பேர், மூட மூன்று பேர். யேசுதாசன் ஒருவர் இல்லையென்றால் மூன்றுக்கு மூன்று. சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு.

கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம். வியாழக்கிழமை மதியம் நிகழ்ச்சி நிரலில் கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போனேன். பள்ளி ரெஜிஸ்ட்ரார் கௌஸ் முகம்மது, வேலூர்க்காரர், மேஜை டிராயரைத் திறந்து வைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். டிராயர் நிறைய டி.சி. படிவங்கள்.

அந்த டிராயரைப் பற்றிச் சொல்லவேண்டும். வளைகுடாவில் மார்ச் மாதம் கான்ட்ராக்ட் புதுப்பித்தால்தான் நாம் இருக்கிறோமா போகிறோமா என்று தெரியும். ஊர்ப் பள்ளிகளோ அதற்கு முன்பே அட்மிஷனை முடித்துவிடும். அதனால் ஜனவரி பிறந்ததும் பாதிப் பெற்றோர்கள் பிள்ளைக்கு டி.சி. கேட்டு ஒரு படிவம் எழுதிக் கொடுத்து வைப்பார்கள். கையெழுத்து இருக்கும், தேதி இருக்காது. கௌஸ் பாய் அதை டிராயரில் போட்டுவைப்பார். மார்ச் கடைசியில் வந்து 'கொடுங்க' என்றால் கொடுப்பார், 'வேண்டாம்' என்றால் கிழித்துப் போடுவார். எந்த விதியிலும் இது இல்லை. ஆனால் இருபது வருடமாக நடக்கிறது. யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மேலாக இருந்த ஒரு படிவத்தில் ஜினி என்ற பெயரைப் பார்த்தேன். அடியில் லீமாவின் கையெழுத்து. தேதி இல்லை.

கமிட்டி விதிகளை நாலு வருடத்துக்கு முன் எழுதியவன் நான்தான். உறுப்பினரின் பிள்ளை பள்ளியை விட்டு நீங்கினால் அன்றோடு அவர் பதவி போய்விடும். பிள்ளைகள் காலேஜுக்குப் போன பிறகும் நாற்காலியை விடாத ஒருவரைக் கிளப்புவதற்காக எழுதிய விதி அது.

"கௌஸ் பாய், இந்த ஃபார்முக்கு ஏன் இன்னும் டி.சி. போடல?" என்றேன்.

அவர் சிரித்தார். "சும்மா கொடுத்து வெச்சிருக்காங்க சாப். மார்ச்சுல வந்து சொல்வாங்க. எல்லாரும் அப்படித்தானே?"

"தேதி இல்லாத விண்ணப்பம், வாங்கின தேதியிலயே செல்லும். ஜனவரியில வாங்கியிருக்கீங்க. இன்னிக்குப் போடுங்க."

சிரிப்பு நின்றது. "நான் அந்தம்மாகிட்ட மார்ச் வரைக்கும் வெச்சிருக்கேன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கேன் சாப். எனக்கும் பொம்பளப் பிள்ளைங்க இருக்கு."

"உங்க இக்காமா ரினியூவல் பேப்பர் எங்க இருக்கு பாய்?"

அவருடைய இக்காமா, அதாவது இங்கே தங்கும் அனுமதி, பள்ளியின் பெயரில். புதுப்பிக்கும் பேப்பரில் செயலாளர் கையெழுத்து வேண்டும். அது என் பையில்தான் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கக்கூட இல்லை. கௌஸ் பாய் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பிரின்சிபால் ஒரு நாளைக்கு நாற்பது பேப்பரில் கையெழுத்துப் போடுகிறவர். நாற்பத்தொன்றாவதாக இதிலும் போட்டார்.

கௌஸ் பாய் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது டிராயரைக் கிளறினேன். என் மகன் பெபினின் படிவமும் அதில் இருந்தது. அருணாவின் குண்டு கையெழுத்து, தேதி போடவில்லை. அதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். கௌஸ் பாய் அதைப் பார்த்தார். பார்க்கட்டும்.

சனிக்கிழமை யேசுதாசன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கையில் ஒரு ஃபைல். பதினொரு பிள்ளைகளின் போட்டோவும் ஒவ்வொருவரும் என்ன கற்றுக்கொண்டார்கள் என்ற குறிப்பும் ஆளுக்கொரு பக்கம். ஆங்கிலத்தில் யாரிடமோ எழுதி வாங்கி மனப்பாடம் செய்திருந்தார். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"தலைவர் அவர்களே, ஒரு நிமிஷம்" என்று நான் டி.சி.யை மேஜைமேல் வைத்தேன். "யேசுதாசன் இப்போ இந்தப் பள்ளிப் பெற்றோர் இல்லை. வியாழக்கிழமையோட அவர் உறுப்பினர் பதவி முடிஞ்சு போச்சு."

அவர் அதை எடுத்துப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டுத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி முன்பக்கம். "இது எனக்க பிள்ளைக்க பேருதான். ஆனா நாங்க டி.சி. கேக்கல்லியே சார்" என்றார்.

விண்ணப்பத்தைக் காட்டினேன். மனைவியின் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரிபாய் மேஜையைத் தட்டினார். "இது என்னய்யா அக்கிரமம்! நம்ம எல்லாரு ஃபார்மும் அந்த டிராயர்லதான் கிடக்கு. ஒன் மவன் ஃபார்ம் இல்லையா?"

"போய்ப் பாருங்க. இல்லை" என்றேன்.

சேதுமாதவன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "சண்டை வேண்டாம். மனைவியையே போன்ல கேட்டிடலாமே. கையெழுத்து அவங்களோடதுதானான்னு மட்டும் கேளுங்கோ. ஸ்பீக்கர்ல போடுங்கோ."

யேசுதாசன் போனை மேஜைமேல் வைத்தார். இரண்டு தடவை தப்பான நம்பருக்குப் போனது. லீமா டியூட்டியில் இருந்தாள். பின்னால் ஏதோ குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"ஓட்டு முடிஞ்சுதா? ஜெயிச்சாச்சா?" என்றாள் எடுத்தவுடனே.

"லீமா, பிள்ளைக்கு டி.சி. எழுதிக் குடுத்தியா?"

"அது சும்மா குடுத்து வெச்சது" என்றாள். "நாகர்கோவில்ல சிஸ்டர்மாருக்க பள்ளியில ஒரு சீட்டு இருக்குன்னு சொன்னாவ. இங்க கிளாஸ பூட்டிட்டா பிள்ளைக்கு ஒண்ணுமில்லாம ஆயிருமேன்னு பயந்து எழுதினேன். ஒங்ககிட்ட சொன்னா, எனக்க மேல நம்பிக்க இல்லியான்னு வெஷமப்படுவிய. அதான் சொல்லல்ல. கௌஸ் பாய் மார்ச் வரைக்கும் வெச்சிருப்பேன்னு சொன்னாரே. என்ன ஆச்சு?"

நான் போன் பக்கம் குனிந்தேன். "லீமாம்மா, செயலாளர் ஜெயசீலன் பேசறேன். கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமா சார். ஆனா..."

"அது போதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனைத் துண்டித்தேன்.

உறுப்பினர் அல்லாதவர் ஓட்டு நடக்கும்போது உள்ளே இருக்கக்கூடாது. யேசுதாசன் வெளியே போனார். ஃபைலை எடுக்கவில்லை. பதினொரு போட்டோவும் மேஜையில் கிடந்தன. மூன்றுக்கு மூன்று. சேதுமாதவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தன் இரண்டாவது ஓட்டைப் போட்டார். பதினாலாம் அறை மார்ச்சோடு மூடப்படும். கூட்டக் குறிப்பை நானே எழுதினேன். நல்ல குறிப்பு, ஒரு வார்த்தை தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமையே செய்தி பரவிவிட்டது. அந்த அறையின் மற்றப் பத்துப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் விதி, டிராயர், இரண்டாவது ஓட்டு எதுவும் புரியவில்லை. ஒன்றுதான் புரிந்தது. லீமா தன் பிள்ளைக்கு மட்டும் ஊரில் இடம் தேடி டி.சி. எழுதிக் கொடுத்தாள், அதனால் யேசுதாசன் பதவி போனது, அதனால் தங்கள் பிள்ளைகளின் வகுப்பு போனது. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தி, 'தன் காரியம் முடிந்தால் போதும் என்று இருப்பவர்களுக்கு கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று போட்டாள். நாலைந்து பேர் கும்பிடு போட்டார்கள். நான் குரூப் அட்மின். டி.சி. வாங்கியவர்களை நீக்கவேண்டும் என்பது வழக்கம். யேசுதாசனையும் லீமாவையும் நீக்கினேன். ஜினியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அவர் எழுதிய கடிதத்துக்கு, அவள் இருந்த வகுப்பே மார்ச்சுக்குப் பிறகு இல்லாததால் இடமில்லை என்று பதில் அனுப்பினேன்.

மார்ச் இரண்டாம் வாரம் அவர் என் கம்பெனி ஆபீசுக்கு வந்தார். யூனிபார்மில், கையில் கிரீசோடு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கௌஸ் பாய் எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டாரு சார்" என்றார். "அழுதாரு. நான் கேஸு குடுக்க வரல்ல. அவருக்கும் குடும்பம் இருக்கு."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"லீமா சோறு திங்கல்ல. தன்னாலதான் பதினொரு பிள்ளைக்க கிளாஸும் போச்சுன்னு இருக்கா. ஒன் தப்பு இல்ல, வேணும்னு செய்தானுவன்னு நான் சொன்னா நம்பமாட்டேங்கா. 'நீங்க எனக்க சமாதானத்துக்கு கத கட்டுதிய'ன்னு சொல்லுதா." மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். "நீங்க சொன்னா நம்புவா சார். ஒரே ஒரு வார்த்த. தப்பு ஒனக்கதில்லம்மான்னு. வேற யாருக்கும் தெரிய வேண்டாம். நானும் வெளிய சொல்லமாட்டேன். ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்."

நான் மேஜையில் இருந்த பேப்பர்களை அடுக்கினேன். "கையெழுத்து அவங்களோடதுதானே யேசுதாசன்?"

அவர் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், செக்யூரிட்டியைக் கூப்பிட்டிருப்பேன். அவர் திரும்பிப் போய்விட்டார். கதவுப் பிடியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. ஆபீஸ் பையனைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னேன்.

மார்ச் கடைசியில் என் மச்சானை வழியனுப்ப தம்மாம் விமான நிலையத்துக்குப் போனேன். மதியம். அவனை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பும்போது எதிரே டிராலியைத் தள்ளிக்கொண்டு யேசுதாசன் வந்தார். நாலு பெட்டிகள். பக்கத்தில் லீமாவும் ஜினியும். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் லீமா வேலையை விட்டு, விசாவையும் முடித்துக்கொண்டு, பைனல் எக்ஸிட்டில் ஊருக்கே போகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆள் பாதியாகியிருந்தாள். விலகிப் போகலாம் என்று பார்த்தேன்.

"நாலு!" என்று ஜினி கையை ஆட்டினாள்.

லீமா நின்றுவிட்டாள். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். "சார், ஒங்கள பாக்காம போறோமேன்னு நெனச்சேன். நான் செய்த தப்புக்கு ஒங்க எல்லாருகிட்டயும் மன்னிப்பு கேக்கணும் சார். பத்து பிள்ளைக்க வாழ்க்கைய கெடுத்துட்டேன். நாகர்கோவில் சீட்டையும் வேற பிள்ளைக்குக் குடுத்துட்டாவளாம். எனக்க புத்திக்கு அது வேணும்."

யேசுதாசன் டிராலியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை. சொன்னால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அவள் இன்னும் இரண்டு மணி நேரத்தில் விமானம் ஏறிப் போய்விடுவாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்று சொன்னால் அது பொய். வரவில்லை. நானூற்று முப்பது ஓட்டு வாங்கியவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

"பரவாயில்லம்மா" என்றேன். "தெரியாமத்தானே செஞ்சீங்க. நாங்க யாரும் மனசுல வெச்சுக்கல."

லீமா அழுதுவிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "இத குரூப்புல ஒரு வார்த்த போடுவியளா? எனக்க போன அவங்க எடுக்கமாட்டேங்காவ. நீங்க போட்டா கேப்பாவ" என்றாள்.

"போடறேன்" என்றேன்.

யேசுதாசன் டிராலியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஜினி மட்டும் திரும்பித் திரும்பிக் கையாட்டிக்கொண்டே போனாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து ஏசியைப் போட்டுவிட்டு, நிதானமாக டைப் அடித்தேன். 'திருமதி லீமா தம் தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்துள்ளார். கமிட்டி அவரைப் பெருந்தன்மையுடன் மன்னித்துவிட்டது. ஏப்ரல் முதல் கட்டணத்தில் மாதம் பதினாறு ரியால் குறையும் என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எழுபதுக்கும் மேல் கட்டைவிரல்கள் விழுந்திருந்தன. யார் யார் என்று இறக்கிப் பார்த்தேன். அந்தப் பத்து அம்மாக்களில் ஏழு பேர் இருந்தார்கள். கடைசிக்கு முன்னால் கௌஸ் முகம்மதுவும் ஒன்று போட்டிருந்தார். அவருடைய ரினியூவல் பேப்பர் இன்னும் என் பையில்தான் இருந்தது.